நாலு மூலை மஞ்சளுக்குப் பதினோரு வாய்தா

வாய்தாவைத் திட்டுகிறவர்களோடு நான் சேருவதில்லை. இருபத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் வாய்தாவைத் திட்டினால் அது உண்ட வீட்டுக்கு ரெண்டகம். வெளியே இருப்பவர்கள் வாய்தா போட்டால் கேஸ் நடக்கவில்லை என்று நினைக்கிறார்கள். வாய்தா போடுவதுதான் கேஸ் நடப்பது என்று எங்களுக்குத் தெரியும். தீர்ப்பு என்பது அந்த ஓட்டத்தில் எப்போதாவது நேர்ந்துவிடுகிற தடங்கல். இத்தனை மரியாதை வைத்திருக்கிற நான் ஒரே ஒரு கேஸைப் பற்றி மட்டும் இப்போது வாயைத் திறக்கிறேன். வெங்கடேஸ்வரன் சார் உயிரோடு இருந்தவரை அதற்கும் திறக்கவில்லை.

சார்தான் என் முதலாளி. பம்பாய் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் காப்பித்தூள் கடை மாடியில் ஆபீஸ். பாலக்காட்டுக்காரர், பரம சாது. நெற்றி விபூதி கலையாமல் கோர்ட்டுக்குப் போய் கலையாமல் திரும்புகிறவர். 1965 ஆகஸ்டில் கோர்ட்டிலிருந்து அவருக்கு ஒரு காகிதம் வந்தது. தூரத்து ஜில்லா ஜெயில் ஒன்றிலிருந்து ஒரு தமிழ்க் கைதி நேராக நீதிபதிக்கு மனு அனுப்பியிருக்கிறான், அவனுக்காக நீர் இலவசமாக ஆஜராக வேண்டும் என்று.

கைதியின் பேர் செல்லப்பாண்டி. தாராவியில் ஒரு பட்டறையில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தவன். பட்டறை வாசலில் ஸ்டிரைக் நடந்தபோது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் தலையில் கல் விழுந்தது. எறிந்தது இவன்தான் என்று நாலு வருஷம் போட்டார்கள். கல் கடைசிவரை கோர்ட்டுக்கு வரவில்லை. ஆள் வந்துவிட்டதால் கல் தேவைப்படவில்லை. முதலில் பம்பாயிலேயே வைத்திருந்தார்கள். அப்புறம் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் போகவேண்டிய ஊருக்கு மாற்றினார்கள். அப்போது அவன் பெண்டாட்டி செண்பகவல்லி ஐந்து மாசக் கர்ப்பிணி.

மனுவை அங்கே கூட இருந்த ஒரு வாத்தியார் கைதி இங்கிலீஷில் எழுதிக்கொடுத்திருந்தார். எட்டு மாசமாக வீட்டிலிருந்து ஒரு கடிதமும் எனக்குத் தரவில்லை. என் மனைவி பெற்றுப் பிழைத்தாளா என்று தெரியவில்லை. கடிதம் வாங்கிப் படிக்க எனக்கு உரிமை உண்டு என்று வாத்தியார் சொல்கிறார். உண்டென்றால் கொடுக்கவும். மனு அவ்வளவுதான்.

சார் என்னைத் தாராவியில் அவர்கள் குடியிருந்த லேபர் கேம்ப்புக்கு அனுப்பினார். செண்பகவல்லியைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசிருக்கும். மடியில் நாலு மாசப் பெண் குழந்தை. எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்த கோலியில், அதாவது பக்கத்து ஒற்றையறைக் குடித்தனத்தில், இருந்த கணேசபாண்டியன் என்ற மில் தொழிலாளிதான் அவளுக்குக் கடிதம் எழுதித் தருகிறவன். குழந்தை பேர் என்ன என்று கேட்டேன். பேர் இல்லை என்றாள்.

"கடைசியா ஜெயில்ல பாத்தப்பம் சொன்னாவ சாமி, 'நான் பேரு சொல்லாம பிள்ளைக்குப் பேரு வச்சிராத'ன்னு. சரின்னு சத்தியம் பண்ணிட்டேன். பிறந்த மூணாம் நாளே காயிதம் போட்டுக் கேட்டாச்சு. இன்னும் பதில் காணல."

அக்கம்பக்கத்தில் எல்லாரும் பேராச்சி என்று முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். அப்பனைப் பெற்றவள் பேர், வேறென்ன வைப்பது என்று கேட்டார்கள். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லட்டும் என்று பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை என்பதை நாங்கள் பிற்பாடு ஜெயில் ஃபைலைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கைதிக்கு வரும் கடிதத்தை அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். அந்த ஜெயிலில் தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி யாரும் இல்லை. அதோடு போயிருந்தால்கூட ஏதாவது ஒரு பியூன் இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பான். நல்ல சேதி என்றால் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம் இல்லையா. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் செண்பகவல்லி கொஞ்சம் தாராளமாகவே தடவிவிட்டாள். சூப்பரின்டெண்ட் குறிப்பு எழுதினார்: "இனம் தெரியாத எழுத்து. நான்கு மூலைகளிலும் சம அளவில் மஞ்சள் நிற ரசாயனம். நான்கு என்ற எண்ணிக்கை கவனிக்கத்தக்கது." அதற்குப் பின்னால் வந்த கடிதங்களில் மஞ்சள் இல்லை. மஞ்சள் இல்லாததும் கவனிக்கத்தக்கது என்று எழுதி அவற்றையும் அதே கட்டில் சேர்த்தார்.

முதல் வாய்தா செப்டம்பரில். சர்க்கார் வக்கீல் எழுந்தார். வெள்ளைக் கைக்குட்டையும் கனமான குரலும் உள்ள பெரிய மனிதர். ஜெயிலிலிருந்து ஃபைல் இன்னும் வரவில்லை, பதில் மனு போட ரெண்டு வாரம் வேண்டும் என்றார். அதுவரை இப்போதிருக்கிற நிலையே நீடிக்கட்டும், கடிதங்களில் என்ன இருக்கிறது என்பதைக் கைதிக்கு யாரும் எந்த வழியிலும் தெரிவிக்கக்கூடாது, வழக்கின் பொருளே அதுதானே என்று போகிறபோக்கில் ஒன்றைச் சேர்த்தார். நீதிபதி எங்கள் சாரைப் பார்த்தார். சார் எழுந்து, ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வராந்தாவில் நான் ஏன் என்று கேட்டதற்குச் சார் தோளில் தட்டினார். "ரெண்டு வாரந்தானேடா ஜம்பு. எதிர்க்கட்சி டயம் கேட்டா ஆட்சேபிக்கறது மரியாதை இல்லே. இன்னிக்கு அவாளுக்கு நாம விட்டுக்கொடுத்தா, நாளைக்கு நமக்கு அவா விட்டுக்கொடுப்பா."

வக்கீல்களுக்குள் இது சட்டத்துக்கும் மேலான சட்டம். அதுவரை சார் அதை மீறியதே இல்லை. அன்றைக்கு அவர் விட்டுக்கொடுத்தது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு வாரத்தில் ஜெயிலிலிருந்து தகவல் வந்தது. கோர்ட் உத்தரவுப்படி நிலைமை அப்படியே நீடிக்க வேண்டியிருப்பதால், நேரில் போய்ப் பார்க்கும் அனுமதியும் நிறுத்தி வைக்கப்படுகிறதாம். சார் எழுதிய கடிதம் மூன்று வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டுக் கைதியிடம் போனது. அடிபட்ட மூன்று வரியில் ஒன்று, தாயும் சேயும் நலம்.

ரெண்டாவது வாய்தாவின்போது யுத்தம். எதிரி விமானத்துக்குப் பயந்து ஊரெல்லாம் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். அதிகாரிகள் எல்லாரும் தேசத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதால் பதில் மனு எழுத ஆளில்லை என்றார் சர்க்கார் வக்கீல். நாலு வாரம். மூன்றாவது வாய்தாவுக்குள் யுத்தம் முடிந்துவிட்டது, ஃபைலும் வந்துவிட்டது. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவி காலியாக இருந்தது. நாலாவதில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார், ஃபைல் ரசாயனப் பரிசோதனைக்குப் போய்விட்டது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அது.

ஒவ்வொரு தாரீக்குக்கும், வாய்தா தேதியைப் பம்பாயில் அப்படித்தான் சொல்வோம், செண்பகவல்லி வருவாள். கணேசபாண்டியன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கூட வருவான். அவள் இருக்கவேண்டிய அவசியம் இல்லை, மனுதாரர் செல்லப்பாண்டிதான் என்று எத்தனையோ தடவை சொன்னேன். நான் இருக்கிறதைப் பார்த்தால் அவர்களுக்குக் கொஞ்சம் ஞாபகம் வருமே என்று வந்துகொண்டிருந்தாள். காலையில் பத்து மணிக்கு வராந்தாவில் பழைய சேலையை விரித்துக் குழந்தையைக் கிடத்திவிடுவாள். முதல் வாய்தாவுக்கு அது அங்கேதான் குப்புற விழுந்தது. மூன்றாவதுக்குத் தவழ்ந்து ஒரு பாரிஸ்டரின் அங்கியைப் பிடித்து இழுத்தது. வாசலில் பேர் கூப்பிடுகிற பட்டாவாலா கிழவர் அதற்கு முன்னி என்று, இந்தியில் பாப்பா என்று அர்த்தம், ஒரு பேர் வைத்தார். அது பேர் இல்லை, கூப்பிடுகிறது மட்டும்தான் என்று செண்பகவல்லி அவரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஐந்தாவது வாய்தாவில் பரிசோதனைச் சாலையிலிருந்து கடிதம் வந்திருந்தது. காகிதத்தில் இருப்பது தாவர வகைப் பொருள், மஞ்சளாக இருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி தேவை என்று. மாதிரியை யார் தருவது என்று அரைமணி நேரம் விவாதம். சர்க்கார் செலவில் மஞ்சள் வாங்க எந்தத் தலைப்பிலும் இடமில்லை. கடைசியில் மனுதாரர் தரப்பே கொடுக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

அடுத்த நாளே செண்பகவல்லி ஒரு விரலி மஞ்சளைக் கழுவித் துடைத்து வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்தாள். கோர்ட்டில் மஞ்சள் கேட்கிறார்கள் என்றால் ஏதோ நல்லது நடக்கப் போகிறது என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கிறது. கூடவே கொஞ்சம் குங்குமமும் இருந்தது. பெஞ்ச் கிளார்க் வெற்றிலையைத் தனியாகவும் குங்குமத்தைத் தனியாகவும் எடுத்து, இவை உத்தரவில் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். மஞ்சளை உறையில் போட்டு, நாலு இடத்தில் அரக்கு வைத்து, சாட்சிப்பொருள் ஒன்று என்று எழுதினார். அவள் அதைக் கும்பிட்டாள்.

"பெறவு எப்பம் காயிதத்தக் குடுப்பாவ சாமி?" என்று கேட்டாள். பரிசோதனை முடிந்ததும் என்றேன்.

பரிசோதனையில் அது மஞ்சள்தான் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன என்று நான் நினைத்தேன். ஆறாவது வாய்தாவில் சர்க்கார் வக்கீல் அற்புதமாகப் பேசினார். அதைச் சுருக்கி எழுதி வைத்திருக்கிறேன். "கனம் நீதிபதி அவர்களே, அது மஞ்சள் என்பதில் எங்களுக்கு இப்போது கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மஞ்சள் ஏன்? சாப்பாட்டில் போடுகிற பொருளைக் காகிதத்தில் போடுவானேன்? கைதியின் உரிமையில் அக்கறை இருப்பதால்தான் நாங்கள் அவசரப்படவில்லை. அவசரப்பட்டுப் பதில் சொன்னால் அது அவனுடைய உரிமையை அலட்சியம் செய்வதாகிவிடும். எவ்வளவுக்கு எவ்வளவு தாமதிக்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு அவனை மதிக்கிறோம்." நீதிபதி தலையை ஆட்டினார். எங்கள் சாரும் கொஞ்சம் ஆட்டினதாக எனக்கு ஞாபகம்.

மஞ்சளின் தாத்பரியம் கேட்டுச் சென்னையில் ஏதோ ஒரு புலவர் குழுவுக்கு எழுதினார்கள். புலவர்கள் சும்மா விடுவார்களா. சங்க காலத்தில் ஆரம்பித்து நாற்பத்திரண்டு பக்கம் பதில் அனுப்பினார்கள், சுத்தமான தமிழில். அதை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் தமக்குப் பேச்சுத் தமிழுக்குத்தான் சம்பளம் என்று எழுதிக்கொடுத்தார். அது ஏழாவது வாய்தா. குழந்தை வராந்தா பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கணேசபாண்டியன் கையைத் தட்டினான். உள்ளேயிருந்து பட்டாவாலா வந்து சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு, அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

எட்டாவது வாய்தா 1966 மே மாசம். சர்க்கார் வக்கீல் மகளுக்குக் கல்யாணம். ஆறு வாரம் கேட்டார். கல்யாணம் என்கிறபோது ஆட்சேபிக்க நாங்கள் என்ன காட்டுமிராண்டிகளா. வராந்தாவில் அவரே சாரைத் தேடிவந்து பத்திரிகை கொடுத்தார். மராட்டிக் குடும்பங்களிலும் நம் வழக்கம்தான் போலிருக்கிறது. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். சார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாணத்துக்கு நானும் போய் ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அந்த மே மாசம் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஆபீஸ் விஷயமாகக் கேம்ப்புக்குப் போனபோது செண்பகவல்லி அதை என் பக்கம் நடக்கவிட்டுக் காட்டினாள். நாலு அடி வைத்து என் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் பேர் வைக்காத குழந்தை என்று கேம்ப்பில் எல்லாருக்கும் அது செல்லம். பேர் வைத்துவிடேன், அவன் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று நானே சொல்லிப் பார்த்தேன். சத்தியம் பண்ணியிருக்கு சாமி என்றாள்.

ஒன்பதாவது வாய்தா ஜூலையில். மழை நாலு நாளாக விடாமல் பெய்து கேம்ப்பில் சாக்கடைத் தண்ணீரும் குடிதண்ணீரும் ஒன்றாகிவிட்டிருந்தது. அன்றைக்குச் செண்பகவல்லி வரவில்லை. அவள் வராத தாரீக் அது ஒன்றுதான். பதினோரு மணிக்குக் கணேசபாண்டியன் மட்டும் நனைந்துகொண்டு வந்தான். குழந்தைக்கு ரெண்டு நாளாக வயிற்றாலே போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து, விடியற்காலையில் போய்விட்டது என்று சொன்னான். ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடம் காட்டினான். பேர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது.

சார் உள்ளே போனார். சர்க்கார் வக்கீல் எழுந்து, மொழிபெயர்ப்பாளர் லீவில் இருப்பதால் நாலு வாரம் வேண்டும் என்றார். சார் வாழ்க்கையில் முதல்தடவையாக, ஆட்சேபிக்கிறேன் என்றார். காரணத்தையும் சொன்னார். சர்க்கார் வக்கீல் நல்ல மனிதர், கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது நடிப்பில்லை. நீதிபதியும் மிகவும் வருந்தினார். வருந்திவிட்டு, சந்தர்ப்பத்தை உத்தேசித்து நாலு வாரத்தை மூன்று வாரமாகக் குறைத்து உத்தரவு போட்டார்.

செண்பகவல்லி கணேசபாண்டியனைக் கொண்டு சாவுச் செய்தியையும் எழுதிப் போட்டாள். அவள் எழுதியதில் அது பதினோராவது கடிதம். ஜெயிலில் கட்டோடு சேர்ந்தது.

பத்தாவது வாய்தா சூப்பரின்டெண்ட் மாற்றலாகிப் போனதற்கு. பதினோராவது, புதியவர் கையெழுத்து எந்த மையில் போடவேண்டும் என்பதற்கு. நவம்பரில், பதினாலு மாசத்துக்குப் பிறகு, சர்க்கார் பதில் மனு போட்டது. ஒன்றரைப் பக்கம். பதினோரு கடிதங்களும் மொழிபெயர்த்துப் பரிசீலிக்கப்பட்டன. முதல் கடிதம் ஒரு குழந்தை பிறந்ததையும் கடைசிக் கடிதம் அது இறந்ததையும் தெரிவிக்கின்றன. இடையில் உள்ளவை குடும்ப விஷயங்கள். ஆட்சேபகரமாக எதுவும் இல்லை. ஜெயில் விதிப்படி, பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வீதம், தேதி வரிசைப்படி கைதிக்கு வழங்க சர்க்காருக்குத் தடையில்லை. கைதியும் பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

சார் எழுந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாமே என்றார். அதுபற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும் என்றார் சர்க்கார் வக்கீல். சார் உட்கார்ந்துவிட்டார். ஒரு பிரஜையின் உரிமை நிலைநாட்டப்பட்டது என்றும், சர்க்காரின் பெருந்தன்மை பாராட்டத்தக்கது என்றும் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

தடை எல்லாம் நீங்கிவிட்டது. சார் நேரடியாகச் செல்லப்பாண்டிக்கு எழுதலாம், செண்பகவல்லி போய்ப் பார்க்கலாம். நான் ரயிலுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். அப்படியே டிசம்பர் வந்தது, செல்லப்பாண்டியின் முதல் பதிலும் வந்தது.

அதைக் கணேசபாண்டியனால் வாசிக்க முடியவில்லை. பாதியில் எழுந்து போய்விட்டானாம். அதனால் அவள் அதை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு என்னிடம் வந்தாள். நான் வாசித்தேன். சௌக்கியம் கேட்டு ரெண்டு வரி. பிறகு பெண் பிறந்த சேதி கிடைத்தது, இங்கே எல்லாருக்கும் சொன்னேன், வாத்தியார் தன் பங்கு வெல்லத்தைக் கொடுத்தார் என்று இருந்தது. பிள்ளைக்கு அம்மை பேரை வைக்காதே, அவள் அந்தப் பேரோடு பட்டபாடு போதும். சுகந்தி என்று வை. கூப்பிட வாய்க்கு லேசாக இருக்கும்.

நான் நிறுத்தினேன். செண்பகவல்லி அழவில்லை. இன்னொரு தடவை அந்த இடத்தை மட்டும் படிக்கச் சொன்னாள். படித்தேன். வாய்க்குள்ளேயே அதைச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் எழுந்து உள்ளே போய், சார் இல்லாத அறையில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவன் கடிதம் வந்தது. எங்கள் ஜெயில்களில் எதுவும் இத்தனை ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. சுகந்தி சிரிக்கிறாளாமே, யாரைப்போலச் சிரிக்கிறாள். குப்புற விழுந்ததற்குக் கொழுக்கட்டை அவித்தாயா, நாலு வீட்டுக்காவது கொடு. கோர்ட்டில் அங்கியைப் பிடித்து இழுத்தாளாமே, என் மகள் அல்லவா. அவள் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வருவாள், தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு. பதில் எழுதச் சொல்ல மாட்டாள். கேட்டுவிட்டுப் போவாள். சில சமயம் கேட்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு வரும். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடு, இல்லையென்றால் சாராவது எழுதட்டும் என்று ஒரு நாள் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"என் மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிச்சிருவாவ சாமி. அவுகளுக்கு இப்பம் பிள்ளைக்கு ஏழு மாசம் நடக்கு. நல்லா இருக்கா."

பத்தாவது கடிதத்துக்கு மார்ச் கடைசியில் பதில் வந்தது. நடக்கிறாளா, விழாமல் பார்த்துக்கொள், நான் வந்து கையைப் பிடித்து நடத்துகிறேன், இன்னும் ஒன்றரை வருஷம்தான் என்று. அதைக் கேட்டுவிட்டு அவள் போகவில்லை. சாரைப் பார்க்க வேண்டும் என்றாள். சார் முன்னால் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வக்கீலய்யா, இன்னும் ஒரு காயிதந்தான் பாக்கி. அவுக அத்தன வாய்தா வாங்குனாவ, நான் ஒண்ணுஞ் சொல்லல. எனக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கித் தாங்கய்யா. அந்தக் காயிதத்த அவுக வெளிய வார வரைக்கும் குடுக்க வேண்டாம்னு. ஒன்றர வருசந்தான். அங்க ஒருத்தராவது பிள்ளையோட இருக்கட்டும்."

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இப்படி ஒரு மனுவுக்குச் சட்டத்தில் இடம் கிடையாது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கே எழுதச் சொன்னார். நான் டைப் அடித்தேன். தப்புத் தப்பாக வந்து மூன்று தடவை அடித்தேன்.

ரெண்டு நாளில் விசாரணைக்கு வந்தது. சர்க்கார் வக்கீலைச் சார் முன்கூட்டியே பார்த்து, நீங்கள் ஆட்சேபிக்காமல் இருந்தால் போதும் என்று கேட்டிருந்தார். பத்துத் தடவை நான் விட்டுக்கொடுத்தேனே என்றும் சொன்னார். அவர் வருத்தத்தோடு சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அது டயம் விஷயம், இது உரிமை விஷயம் என்றார்.

கோர்ட்டில் அவர் குரல் கணீரென்று இருந்தது. "ஒரு பிரஜைக்கு வந்த கடிதத்தை ஒரு நாள்கூடத் தடுத்து வைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் இல்லை. இந்த நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. துக்கச் செய்தி என்பதற்காக உரிமையைத் தள்ளிப்போட முடியுமா? தாமதிக்கப்பட்ட உரிமை மறுக்கப்பட்ட உரிமை." மேலும், மனைவி இந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். நீதிபதி ஒத்துக்கொண்டார். அந்தக் கோர்ட்டில் அவகாசம் கேட்டு மறுக்கப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

செண்பகவல்லிக்கு இங்கிலீஷ் புரியாது. அடுத்த தாரீக் என்றைக்கு என்று என்னைக் கேட்டாள். இனிமேல் தாரீக் இல்லை அம்மா என்றேன்.

பதினோராவது கடிதம் குறித்த நாளில் காலை பத்து மணிக்குக் கொடுக்கப்பட்டது. உத்தரவு நிறைவேற்றப்பட்டதற்கான அறிக்கை, கைதியின் கையெழுத்தோடு, கோர்ட் கொடுத்த கெடுவுக்கு நாலு நாள் முன்பாகவே வந்து சேர்ந்தது. கையெழுத்து பாதியில் நின்றிருந்தது. அது செல்லும் என்று பெஞ்ச் கிளார்க் குறித்திருந்தார்.

அதற்கப்புறம் செல்லப்பாண்டியிடமிருந்து கடிதம் வரவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை செண்பகவல்லி ஆபீஸுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனாள். ஜெயிலில் யாரும் தடுத்து வைத்திருக்கிறார்களா என்று சாரும் எழுதிக் கேட்டார். தபாலிலேயே பதில் வந்துவிட்டது. அப்படி எதுவும் இல்லை, கைதிக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் எழுத முழு உரிமை இருக்கிறது, காகிதமும் மையும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அவன்தான் எழுதவில்லை என்று.